அறிவிப்புப் பலகையில் ஒரு சொல்

வங்கிகளில் பணிபுரியும் தோழர்களுக்கும், சங்கங்களின் கிளைச் செயலாளர்களுக்கும், நலநிதிக் குழுக்களில் உட்காருகிறவர்களுக்கும்,



போன நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க, நான் ஓய்வுபெற்ற கிளைக்குப் போயிருந்தேன். கைப்பேசியிலேயே கொடுத்துவிடலாம் என்று மகன் சொன்னான். எனக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தக் கவுன்ட்டருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம். அறிவிப்புப் பலகைக்கு அருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிளையைக் கூட்டித் துடைத்து, டீ வாங்கி வந்து, ஜெராக்ஸ் எடுத்து, பாஸ்புக் பதிய வருகிற பெரியவர்களை மெஷினுக்கு அழைத்துப் போய் உதவுகிற அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவர். நான் பணியில் இருந்த கடைசி மூன்று வருடமும் அதே கிளையில் இருந்தவர். பலகையில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், பிள்ளைங்க காலேஜ் படிப்புக்கு ஸ்காலர்ஷிப்னு போட்டிருக்காமே. எம் மகளுக்கு எழுதிப் போடலாமா?"

எழுந்துபோய்ப் படித்தேன். நலநிதியிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை. மதிப்பெண் இத்தனை சதவீதம். கடைசித் தேதி இன்னது. எல்லாவற்றுக்கும் மேலே, தகுதி என்ற தலைப்பின் கீழ், "வங்கியின் நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகள் மட்டும்." "கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே வாசகத்தை, நலநிதிக் குழுவில் இருந்த காலத்தில், நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

'நிரந்தர' என்கிற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அப்பா விருதுநகரில் ஒரு வங்கிக் கிளையில் பியூனாக இருந்தார். அந்தக் காலத்தில் கிளை மேலாளரை ஏஜென்ட் என்றுதான் சொல்வார்கள். காலையில் ஏஜென்ட் ஐயா வருவதற்கு முன் கிளையைத் திறந்து, பானையில் தண்ணீர் நிரப்பி, மை தீர்ந்த புட்டிகளை மாற்றி வைப்பார். நாணய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கருவூலத்துக்குப் போய் வருவார். சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு, அன்றைய வவுச்சர்களை வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் துளைத்துச் சணல் நூலால் தைப்பார். வவுச்சர் தைப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. பத்து வருடம் கழித்து ஆடிட்டர் வந்து புரட்டினாலும் ஒரு தாள் நழுவாது என்பார்.

1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். மதுரையில் பி.யு.சி. படிக்க இடம் கிடைத்தது. விடுதிக்கு முன்பணம் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. வெளியே வட்டிக்கு வாங்கப் போகிறார் என்று எப்படியோ ஹெட் கேஷியருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஒரு பழுப்பு உறையில் பணத்தைப் போட்டுக் கொடுத்தார். கிளையில் பதினோரு பேர். ஆளுக்கு ஐந்து ரூபாய், மாதா மாதம். நான் பட்டம் வாங்குகிற வரை அந்த உறை நின்றதில்லை. ஏஜென்ட் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார், அவரும் போட்டார். அந்த ஹெட் கேஷியர் வேறு ஊருக்குப் போகும்போது, பொறுப்பை ஒரு கிளார்க்கிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். 1981-ல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதி, நானும் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்பா பார்த்த வேலையின் பெயரும் என் வேலையின் பெயரும் வேறு வேறு. நடுவில் இருந்த தூரத்தைக் கடந்தது அந்த ஐந்து ரூபாய்களால்.

அப்பா பார்த்த வேலையை இன்று யார் பார்க்கிறார்கள்? வவுச்சர் தைப்பது போய்விட்டது, உண்மைதான். ஆனால் கிளையைத் திறப்பதும் துடைப்பதும் போகவில்லை. காகிதத்தை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கொண்டுபோவது போகவில்லை. பணம் இடம் மாறுவதும் போகவில்லை. இப்போது அது தனியார் நிறுவனத்தின் வேனில், துப்பாக்கியோடு ஒரு காவலாளி நிற்க, ஏடிஎம்முக்குப் போகிறது. அந்தக் காவலாளி வங்கி ஊழியர் இல்லை. வேன் ஓட்டுகிறவரும் இல்லை. பெரும்பாலான கிளைகளில் கடைநிலை ஊழியர் ஓய்வுபெற்றால், அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. வேலை மட்டும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விடுகிறது.

கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே. 2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்த பிறகு வந்தவர்கள் வங்கி முகவர்கள். நாம் பிசி என்கிறோம், ஊர்மக்கள் 'பேங்க்கார அக்கா' என்கிறார்கள். 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம் தொடங்கியபோது, கணக்குத் திறக்கிற வேலையின் பெரும்பாரம் இவர்கள் தோளில் விழுந்தது. இன்று ஜன்தன் கணக்குகள் 50 கோடியைத் தாண்டிவிட்டன. ஊரக வேலைத் திட்டக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் இவர்களுடைய கைரேகைக் கருவியின் வழியாகத்தான் பல ஊர்களில் கைக்கு வந்து சேர்கின்றன. சம்பளம் கிடையாது. பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கமிஷன். இயந்திரம் பழுதானால் அன்றைய வருமானம் இல்லை.

இவர்களை எல்லாம் பணியில் நிரந்தரமாக்க வேண்டும் என்று நாம் தீர்மானம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். அந்தப் போராட்டம் நீண்டது, நிர்வாகத்தையும் அரசையும் நீதிமன்றத்தையும் சார்ந்தது. அது முடியும்வரை இவர்கள் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்காமல் காத்திருக்க மாட்டார்கள். உதவித்தொகை அப்படி இல்லை. அது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

நம்மிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு, அதை நினைவுபடுத்த வேண்டும். வட்டத்தை அகலப்படுத்துவது. வங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறில் தீர்ப்பாயங்கள் 1953-ல் சாஸ்திரி அவார்டையும் 1962-ல் தேசாய் அவார்டையும் கொடுத்தபோதே, வங்கியில் வேலை பார்க்கிறவர் யார், அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்கிற கேள்வியை நம் முன்னோர்கள் விடாமல் கேட்டார்கள். 1966 அக்டோபர் 19-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இடையிலான முதல் இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. காலையில் இரண்டு மணி நேரம் வந்து பெருக்கிவிட்டுப் போகிறவரை அத்துக்கூலி என்று ஒதுக்கிவிடாமல், வேலை நேரத்தைக் கணக்கிட்டு மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பள விகிதத்துக்குள் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு 29 மணி நேரத்துக்கு மேல் போனால் முழுச் சம்பளம். இதைச் சாதித்தவர்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேரேடு எழுதியவர்கள். பெருக்குகிறவருக்குப் பஞ்சப்படி கிடைத்தால் தங்கள் பஞ்சப்படி குறையுமோ என்று அவர்கள் பயப்படவில்லை.

விருதுநகர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலை, வியாபாரிகள் கொடுத்த மகமையிலும் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிக்கூடம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். கொடுத்த வீடுகளில் பள்ளிக்கு அனுப்பப் பிள்ளை இல்லாத வீடுகளும் இருந்தன. காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர். மகமை என்றால் தர்மம் இல்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் பொதுக் காரியத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்குகிற பங்கு. லாபம் வந்தால் பார்க்கலாம் என்பதல்ல, ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கு.

இனி, பணம் எங்கிருந்து வரும் என்கிற கேள்வி.

பொதுத்துறை வங்கிகளில் ஊழியர் நலனுக்கென்று நிகர லாபத்தில் 3 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு ஒதுக்கலாம் என்று விதி இருக்கிறது. கேன்டீன் மானியம், மருத்துவப் பரிசோதனை, விடுமுறை இல்லம், பிள்ளைகளுக்கான உதவித்தொகை எல்லாம் அதில்தான் அடங்கும். 2024-25 நிதியாண்டில் 12 பொதுத்துறை வங்கிகளும் சேர்ந்து ஈட்டிய நிகர லாபம் சுமார் 1.78 லட்சம் கோடி ரூபாய். அந்த லாபத்தில் காலையில் கிளையைத் திறந்தவரின் உழைப்பும் இருக்கிறது. நலநிதியிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுத்தால், அவரை வங்கி ஊழியராக ஏற்றுக்கொண்டதாக நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள் என்று நிர்வாகம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் குழுக் கூட்டங்களில் நான் கேட்டிருக்கிறேன். அது தீரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம்முடைய பணம் இருக்கிறதே.

2024 மார்ச் 8-ல் 12-வது இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 நவம்பர் 1 முதல் கணக்கிட்டு உங்களுக்கு அரியர்ஸ் வந்தது. வந்ததும் சங்கத்துக்கு லெவி கொடுத்தீர்கள். எனக்குத் தெரிந்த யாரும் முகம் சுளித்துக் கொடுக்கவில்லை. போராடி வாங்கிக் கொடுத்த அமைப்புக்குச் சேர வேண்டியது என்றுதான் கொடுத்தீர்கள். அடுத்த ஒப்பந்தம் 2027 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டியது. அந்த அரியர்ஸ் லெவியில் ஒரு பங்கைக் கிளைகளில் உழைக்கிற, ஆனால் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களின் பிள்ளைகளுடைய கல்லூரிப் படிப்புக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிடலாம். அதுவரைக்கும் மாதாந்திர மகமை போதும். பத்துப் பேர் உள்ள ஒரு கிளையில் ஆளுக்கு நூறு ரூபாய் என்றால், ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணுக்குப் பேருந்துச் செலவு, புத்தகம், தேர்வுக் கட்டணம் போக மிச்சம் இருக்கும். நான்கு கிளைகள் சேர்ந்தால் ஒரு விடுதிக் கட்டணத்தில் பெரும்பகுதி தேறும்.

"அரசுதான் எவ்வளவோ செய்கிறதே" என்பீர்கள். செய்கிறது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இவையெல்லாம் எத்தனை வீடுகளைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிளஸ் டூ முடிவு வந்து, கலந்தாய்வு முடிந்து, கல்லூரி தொடங்கும் அந்த ஐந்தாறு வாரங்கள் இருக்கின்றனவே, அப்போதுதான் குடும்பம் உடைகிறது. விடுதி முன்பணம், மெஸ் வைப்புத்தொகை, சீருடை, ஒரு பெட்டி, ஒரு பாய், ஊருக்குப் போய்வர இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம். அரசுப் பணம் வரும். அது வருவதற்குள், கல்லூரி அலுவலகம் கெடு வைத்துவிடும். அந்த இடைவெளியில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அடகு வைக்க ஒன்றுமில்லாத வீட்டில், பக்கத்து ஊரில் ஏதாவது ஒரு படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அல்லது சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கல்விக்கடனா? அதை நாமே கொடுக்கிறோம், அதன் கதை நமக்குத் தெரியும். 4 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது, பெற்றோர் இணைக்கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாதம் இருக்கிறது. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் மேலே இருக்கிற கல்வி நிறுவனங்களை நோக்கியது. சின்ன ஊர்க் கல்லூரியில் செவிலியர் படிப்புக்குச் சேர்கிற பிள்ளைக்கு அதில் வழி குறைவு. சாதாரணக் கல்விக்கடனிலும் விதியில் எழுதியிருப்பது வேறு, மேஜையில் நடப்பது வேறு. ஒப்பந்தக்காரர் கொடுக்கிற சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கடன் அதிகாரியின் கை தயங்குகிறது. அடுத்த ஆண்டு இந்த ஒப்பந்தக்காரர் இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. வாராக்கடன் ஆனால் தன் தலையில் விழும் என்ற பயம் அதிகாரிக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் அந்த மேஜையில் உட்கார்ந்தவன். தினமும் காலையில் அதே மேஜையைத் துடைத்துவிட்டுப் போகிறவர், ஒரு நாள் எதிரே விண்ணப்பத்தோடு உட்கார்ந்தால், இரண்டு பேருக்கும் என்ன கூச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் இருக்கும். உதவித்தொகைக்கு மதிப்பெண்தான் அளவுகோல். மேலிருந்து கீழாகப் பட்டியல் போட்டோம். முதலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகளின் பிள்ளைகள். நல்ல பள்ளி, தனி டியூஷன், வீட்டில் தனி அறை. கடைசியில் வெட்டுக்கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் கீழே, முக்கால் சம்பளத்தில் பெருக்குகிற ஒருவரின் மகன். 71 சதவீதம். விதி விதிதான் என்று விட்டுவிட்டோம். யாரும் அநியாயம் செய்யவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அந்தப் பையன் கல்லூரிக்குப் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு என் பேனாவால் 71-க்கு மேலே ஒரு கோடு போட்டேன். எனக்காகப் பதினோரு பேர் உறையில் பணம் போட்டபோது, என் மதிப்பெண் எவ்வளவு என்று அவர்களில் யாராவது கேட்டார்களா?

ஆகவே இதைச் செய்வதானால், செய்கிற விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பரிசு வேறு, படிப்பு உதவி வேறு. பரிசை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். உதவி, படிப்பு நின்றுபோகக் கூடிய பிள்ளைக்குப் போக வேண்டும். அது பாலிடெக்னிக்காக இருக்கலாம், ஐ.டி.ஐ.யாக இருக்கலாம், செவிலியர் படிப்பாக இருக்கலாம். ஜனவரியில் ஆண்டு விழாவில் கொடுக்கிற காசோலை, ஜூலையில் கட்ட வேண்டிய முன்பணத்துக்கு உதவாது. முதல் வருடம் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் மறுபடி விண்ணப்பம், சான்றிதழ், வருமானச் சான்று என்று அலையவிட வேண்டாம். ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் நிறுத்திவிடவும் வேண்டாம். முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலம்தான் சுவர், இரண்டாவதில் ஏறிவிடுவார்கள். இன்னொன்று, மேடை வேண்டாம். எனக்கு வந்த உறையைக் கொடுக்கும்போது யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அப்பா அடுத்த மாதம் வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு நிதி நிறுவனம் இப்படி ஒரு வாக்கைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியதைப் படித்திருக்கிறேன். நியூயார்க்கில் சாண்ட்லர் ஓ'நீல் என்ற முதலீட்டு வங்கி. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 104-வது மாடி. ஊழியர்கள் 171 பேர். 2001 செப்டம்பர் 11 அன்று அவர்களில் 66 பேர் இறந்தார்கள். நிறுவனம் மிஞ்சுமா என்றே தெரியாத அந்த நாட்களில், மிஞ்சியவர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இறந்தவர்களின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம் என்றார்கள். 76 பிள்ளைகள். தந்தை இறந்து சில வாரங்கள் கழித்துப் பிறந்த குழந்தையும் அந்தக் கணக்கில் உண்டு. அந்தக் குழந்தை கல்லூரிக்கு வரும் வயதில், 2020-ல், நிறுவனமே இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறிவிட்டது. அவர்களுடைய துயரத்தோடு நம்முடைய நிலையை ஒப்பிட நான் துணியமாட்டேன். என் மனதில் நின்றது காலம்தான். பால்குடிக்கிற பிள்ளைக்குப் பதினெட்டு வருடம் கழித்துக் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அன்றைக்கே பொறுப்பெடுத்துக்கொள்வது. ஒரு வருட நிகழ்ச்சியாக அதைச் செய்ய முடியாது. அறக்கட்டளை, தனிக்கணக்கு, தணிக்கை, ஆள் மாறினாலும் மாறாத விதி எல்லாம் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் நாம், இது நமக்குக் கஷ்டமில்லை.

உங்கள் வீட்டுச் சுமையும் எனக்குத் தெரியும். சுயநிதிக் கல்லூரியில் பொறியியல் படிக்கிற மகனுக்கு லட்சக்கணக்கில் கட்டுகிற கிளார்க்குகள் உங்களில் எத்தனையோ பேர். மாற்றலில் இரண்டு வீட்டு வாடகை, வயதான பெற்றோர், வீட்டுக்கடன் தவணை. நாங்களே திணறுகிறோம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனாலும் உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. நீங்கள் பணியில் இறந்தால், 2014-ல் மீட்டெடுத்த கருணை அடிப்படை நியமனத் திட்டம் உண்டு. ஏடிஎம் வாசலில் இரவு முழுதும் நிற்கிற காவலாளி இறந்தால், மறுநாள் இரவு வேறொருவர் நிற்பார். அவர் பிள்ளைக்கு அந்த வங்கியின் பெயரைச் சொல்லக்கூட உரிமை இல்லை.

அந்த அம்மாவின் மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிளஸ் டூவில் 600-க்கு 541. மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. முதல் தவணையைத் தாலிக்கொடியை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, அதை மீட்டுக் கொடுத்து, இரண்டாம் தவணையையும் கட்டினோம். பழுப்பு உறையில்தான் போட்டுக் கொடுத்தேன். எங்களில் மூத்தவருக்கு வயது 74, மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி இருக்கிறது. அதே ஊரில் எத்தனை கிளைகள், எத்தனை காவலாளிகள், எத்தனை பேங்க்கார அக்காக்கள்!

வருகிற மாவட்ட மாநாட்டுக்கு ஒரு தீர்மானத்தின் வரைவை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். லெவியில் ஒரு பங்கு, மாத மகமை, தனிக்கணக்கு, தகுதி வாசகத்தில் 'நிரந்தர ஊழியர்களின்' என்ற சொற்களுக்குப் பதில் 'கிளையில் உழைக்கிற அனைவரின்' என்ற சொற்கள். ஓய்வுபெற்றவனுக்கு அந்த மேடையில் முன்மொழிகிற உரிமை இல்லை. முன்மொழிய உங்களில் ஒருவரும், வழிமொழிய இன்னொருவரும் வேண்டும். பெயரைச் சொல்லி அனுப்புங்கள், வரைவைக் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
விருதுநகர்